பங்கரில் குடியிருந்த பாம்பு

சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குப் பயந்து உப்புவெளி வீட்டுப் பின்வளவில் என் கணவர் பதுங்கியிருக்க ஒரு பங்கர் வெட்டினார். வெட்டியது கோடையில். மாரி வந்ததும் அதில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தண்ணீருக்குத் தவளைகள் வந்தன, தவளைகளைத் தேடி ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நானோ அரசாங்கக் கச்சேரியில் தட்டச்சு செய்பவள். ஷெல் தலையில் விழுந்தாலும் அதற்குள் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதைத் துரத்த என் மாமி, கணவரின் தாய், விடவில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாக எங்களுக்குப் பிள்ளையில்லை. என் சாதகத்தில் நாகதோஷம் இருப்பதாக ஒரு சாத்திரியார் மாமியின் காதில் ஓதியிருந்தார். நாகதம்பிரானே வீடு தேடி வந்திருக்கிறார் என்பது மாமியின் கட்சி. இது நாகமில்லை, தவளை தின்னும் வெறும் தண்ணீர்ப் பாம்பு என்று கணவர் சொல்லிப் பார்த்தார். கடவுள் எந்த உருவத்திலும் வருவார் என்று மாமி அவர் வாயை அடைத்துவிட்டார்.

பால்மாவுக்குத் தட்டுப்பாடான காலம். நாங்கள் வெறுந்தேத்தண்ணீர் குடிக்க, பாம்புக்குப் பங்கர் வாசலில் சிரட்டை நிறையப் பால். தினமும் சிரட்டை காலியாகும், மாமிக்குப் புல்லரிக்கும். பக்கத்து வீட்டுப் பூனை கொழுத்துக்கொண்டு போனதை நான் மட்டும் கவனித்தேன். சொல்லவில்லை. எனக்குள்ளும் ஒரு நப்பாசை இருந்தது.

ஒருநாள் மத்தியானம் துறைமுகப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமி கும்பிட்டுக்கொண்டே பங்கருக்குள் இறங்கினார். எனக்குக் கால் வரவில்லை. கிணற்றடியில் நின்று அழுதேன். அடுத்த ஷெல் எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில் விழுந்து கூரை ஓடுகள் சரிந்தன. மாமி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி, பாம்பை வாலில் பிடித்து வெளியே இழுத்தார். அது திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்தது. கடித்ததையும் பாராமல் அதை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தார்.

"இறங்கு பிள்ளை," என்றார். "எனக்குப் பேரப்பிள்ளை வேணும்தான். அதுக்காக உன்னைக் குடுக்க ஏலாது."

அவருடைய மணிக்கட்டை என் சேலைத் தலைப்பால் அழுத்தியபடி, ஷெல் ஓயும்வரை அந்தத் தண்ணீரில் நின்றேன். வெட்கமாகவும் இருந்தது, பெற்ற தாயோடு நிற்பது மாதிரி நிம்மதியாகவும் இருந்தது.

விஷமில்லாத கடி, ஒரு கிழமையில் ஆறிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வாயெடுத்தால் மாமி முந்திக்கொள்வார். மருமகளில் ஒரு குறையுமில்லை, வந்த பாம்பைத் தூக்கி எறிந்தது தான்தான் என்பார்.