எலுமிச்சை மூடியும் ஒச்சாயியின் மங்கும்

நன்னாரிப் பாகை வடிகட்டிப் பாட்டில்களில் ஊற்றுவது ஒச்சாயியின் காலை வேலை. பதினொரு மணிக்கு அவளும் கணவன் வெள்ளைத்துரையும் திருமங்கலம் பேருந்து நிலைய வாசலுக்குச் சர்பத் வண்டியைத் தள்ளிப் போவார்கள். ஐஸ் உடைப்பது அவர், கலக்குவது அவள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

நாற்பத்து நான்கு வயதில் அவள் கன்னங்களில் கரும்படலமாக மங்கு படர்ந்தது. டீ குடித்தால் கறுக்கும் என்று யாரோ சொல்ல, டீயை நிறுத்தினாள். தலைவலிதான் வந்தது. அடுத்து, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள் கண்ணில் பட்டன. அம்புட்டும் வீணாகப் போகிறதே என்று வண்டிப் பக்கத்திலேயே முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஒரே மாதத்தில் மங்கு மூக்கிலும் ஏறியது.

மகள் பவதாரிணியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"அதுவரைக்கும் வெயில்ல நின்னு மூஞ்சி இன்னும் கறுக்காம நீ வீட்ல இரு. கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார் வெள்ளைத்துரை.

"நீங்க கலக்குனத ஒருக்கா குடிச்சவுக மறுக்கா பஸ்ஸ விட்டே எறங்க மாட்டாக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒருமுறை வீட்டில் உட்கார்ந்தால் பிறகு வண்டிக்குத் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம் அவளுக்கு இருந்தது. மறுநாளே தோல் டாக்டரம்மாவிடம் போனாள்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"காலையிலயா? மத்தியானம் மூணு மணிக்கு வண்டியில நின்னுக்கிட்டே ரெண்டு வடை."

எலுமிச்சை விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எலுமிச்சையத் தேச்சுக்கிட்டு வெயில்ல நின்னா தோல் வெந்துபோகும்மா. டீ மேல பழியப் போடாதீங்க."

சோதனையில் ரத்தமும் குறைவு என்று வந்தது. காலையில் முட்டை, கீரை, நல்ல தூக்கம், வெயிலுக்கு ஒரு கிரீம், முக்கியமாக நிழல். மங்கு மெதுவாகத்தான் குறையும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்றார்.

மறுநாள் காலையில் ஒச்சாயி உட்கார்ந்து முட்டையும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டாள். வெள்ளைத்துரை ஐஸ் சுத்தியலோடு எதிரே காத்திருந்தார்.

"வெயில் ஆகாதுன்னுட்டாக. அப்ப வீடுதான" என்றார்.

"வண்டிய பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோவோம். அங்கன நெழலு இருக்கு."

"அங்க எவன் வருவான்?"

ஒச்சாயி தட்டைக் கழுவி வைத்தாள். கிரீமைப் பூசிக்கொண்டாள். பாகுப் பாட்டில்களைக் கூடையில் அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"டிரைவர் கண்டக்டரெல்லாம் எடத்தத் தேடியா வாராக, என்னையத் தேடியா?"

வெள்ளைத்துரை சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  அவள் ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு வெளியே வண்டியை நோக்கி நடந்தாள்.