அப்பாவின் மூன்று பந்துகள்

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவுக்கு நிமோனியா வந்தது. குற்றாலத்தில் சீசன் நன்றாகப் பிடித்திருந்த நேரம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் எங்களுக்குப் பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் வந்து குவிகிற நாட்களில் அப்பா தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா ஒருத்தியாகக் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். அதில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, பக்கவாட்டில் ஒரு குழாய். எனக்குத்தான் தருகிறார் என்று கையை நீட்டிவிட்டேன்.

“அண்ணாச்சி, இதுல ஊதக் கூடாது. மெல்ல உறிஞ்சணும். ஏறுன பந்து கொஞ்ச நேரம் மேலயே நிக்கணும்” என்று அப்பாவிடம் சொன்னார் அவர்.

ஏன் என்று நான் கேட்டேன். என் விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். வயிறு முன்னால் வந்தது.

“உள்ள குடை மாதிரி ஒரு தசை இருக்கு. மூச்சு இழுக்கையில அது கீழ இறங்கும். நெஞ்சுக்குள்ள இடம் கூடும். அந்த இடத்துக்குக் காத்து தானா வந்துரும்.”

உள்ளே போகிற காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழாய்களில் இறங்கி, கடுகைவிடச் சிறிய பைகளில் போய் முடியுமாம். ரத்தம் நல்ல காற்றை எடுத்துக்கொண்டு கெட்டதைத் திருப்பிக் கொடுப்பது அங்கேதானாம். அப்பாவுக்கு நுரையீரலின் அடியில் இருக்கும் பைகள் நனைந்த பலூன் போல ஒட்டிக் கிடக்கின்றன, இழுக்க இழுக்கத் திறக்கும் என்றார்.

“மூணு பந்தும் ஏறட்டும். பெறவு கடைக்கு வந்தா போதும்” என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மா கடைக்குப் போனதும் எங்கள் போட்டி தொடங்கும். குழாயின் நுனியைக் கழுவிவிட்டு நான் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பேன். மூன்று பந்தும் துள்ளி ஏறி, அதே வேகத்தில் விழும். அப்பா இழுத்தால் முதல் பந்து மட்டும் அசைந்து ஏறும். அதற்குள் இருமல் வந்துவிடும்.

“தோத்துட்டிய!” என்பேன்.

“ஏட்டி, உன்ன ஜெயிக்க முடியுமா?” என்று சிரிப்பார். எப்படி இழுக்க வேண்டும் என்று அவருக்கு நான் பாடம் வேறு எடுத்தேன்.

சாயங்காலம் அம்மா சாரலில் நனைந்து வருவாள். ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டியிருக்கும். கூடைகளைத் தூக்கிய தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவள் செருப்பைக் கழற்றியதுமே, “இங்கன வா, ஒண்ணு காட்டுதேன்” என்று கூப்பிட்டார். பெட்டியை மடியில் வைத்து இழுத்தார். ஒரு பந்து ஏறியது. அடுத்தது. மூன்றாவதும் ஏறி நின்றது. அம்மா ஈரச் சேலையோடு அப்படியே நின்றாள்.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெட்டியைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். சாய்த்தால் பந்து சுலபமாக ஏறிவிடும்.

“அம்மா, அப்பா ஏமாத்துதாங்க! பெட்டிய சாச்சு வச்சிருக்காங்க!”

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அம்மா கோபப்படவில்லை. பெட்டியை வாங்கி ஸ்டூலில் நேராக வைத்தாள். அவர் முன்னால் உட்கார்ந்து விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்.

“இப்ப இழுங்க. மெதுவா.”

முதல் பந்து ஏறியது. இரண்டாவது பாதியில் நின்று நடுங்கியது.

“போதும். இதே போதும். கட எங்கயும் ஓடிப் போயிராது” என்றாள்.

“நீ ரொம்ப எளைச்சிட்டியே” என்றார் அப்பா.

அம்மாவின் கை அவர் விலாவிலேயே இருந்தது.

சீசன் முடிகிற சமயம் அப்பா கடைக்கு வந்தார். பெட்டியை நேராக வைத்தே மூன்று பந்தையும் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் வந்தார். எனக்கோ, அன்று கள்ளாட்டத்தைக் கண்டுபிடித்த என்னை யாரும் பாராட்டவில்லையே என்ற வருத்தம் நெடுநாள் இருந்தது. என்னிடம் தினமும் சந்தோஷமாகத் தோற்றவர், அம்மாவிடம் மட்டும் ஏமாற்றியாவது ஜெயிக்க ஏன் அவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.