பருத்திப் புழுவும் பட்டுப் புழுவும்

போன வாரம் என்னை ஒரு கொலைகாரனைப் போலப் பார்த்தார்கள். செத்தது யார் என்கிறீர்களா? சில ஆயிரம் புழுக்கள்!

சிரிக்காதீர்கள். அத்தனையும் பட்டுப்புழு. மீனாட்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சித்தப்பா மகள் சரசு வளர்த்தவை. தாளவாடிப் பக்கம் பிறந்தவள், புழு வளர்ப்பு அவளுக்குக் கைவந்த கலை. இந்த முறை நன்றாகக் கூடு கட்டினால் மகளைக் கோயமுத்தூரில் பி.யூ.சி. சேர்ப்பது என்று பேசி வைத்திருந்தார்கள்.

புழு அறைக்குள் வெளியாளை விடமாட்டார்கள். வாசனை ஆகாது, புகை ஆகாது, கண் படக்கூடாது. கோயில் நோம்பிக்குப் போன நான், பத்திரிகைக்காரன் என்ற மிதப்பில் எட்டிப் பார்த்துவிட்டேன். "அடேயப்பா, என்னமா கொழுத்திருக்கு!" என்று வாயையும் விட்டேன்.

நாலாம் நாள் காலையில் சரசு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, பவுடர் கிவுடர் போட்டுட்டா உள்ள வந்தீங்க?"

தோல் உரிக்க வேண்டிய நாளில் புழுக்கள் உரிக்க முடியாமல், உடம்பு வெடித்து, நீர் கசிந்து செத்துக் கிடந்தன. எமர்ஜென்சி போய்விட்டது... ஆனால் அந்தச் சந்தேகப் பார்வை போகவில்லை! எனக்கே என் கண் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன் — சரசுவின் வீட்டுக்காரர், மாப்பிள்ளை சுப்பிரமணி, என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏன்?

பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிற மல்பெரிக்கு அடுத்தாற்போல், காற்று வரும் பக்கத்தில், அவருடைய பருத்தி. அதற்கு முந்தின வாரம் ஜீப்பில் வந்த கம்பெனி ஏஜென்ட், ட்ரயலுக்கு என்று ஒரு வெள்ளைப் பவுடரைக் கொடுத்திருக்கிறான். மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் வேறு. சுப்பிரமணி தெளித்தார். மறுநாள் பார்த்தால் பருத்திப் புழு ஜம்மென்று ஊர்கிறது. ஏமாற்றிவிட்டான் என்று, இன்னொரு தடவை டபுள் டோஸ்!

"அப்புறம்?" என்றேன்.

"பொறகுதான் பாக்கெட்டுல போட்டிருந்தத படிச்சனுங்க. அது உடனே கொல்ற மருந்து இல்லீங்களாம், மச்சான். புழு அத எலையோட சேத்துத் தின்னுருமுங்க. அப்பறம் தோல் உரிக்கறப்ப புதுத்தோல் கெட்டிப்படாம வெடிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

சரசு விருட்டென்று திரும்பினாள். பருத்திக் காட்டுக்குப் போனாள். செத்த புழு ஒன்றை இலையோடு கொண்டுவந்து, தன் தட்டில் தன் புழுவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே வெடிப்பு. அதே கசிவு.

"மாட்டுக்கு ஆகுமான்னு கேட்டீங்க, கோழிக்கு ஆகுமான்னு கேட்டீங்க. எம் புழுவுக்கு ஆகுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"பருத்திப் புழுவுக்குன்னுதான புள்ள குடுத்தான்..."

"எது பருத்திப் புழு, எது பட்டுப் புழுன்னு அந்தப் பவுடருக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

மகள், நிரப்பி வைத்திருந்த அப்ளிகேஷனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

விவசாயக் கல்லூரி நண்பரிடம் பிறகு கேட்டேன். ஏஜென்ட் சொன்னது பெரும்பாலும் உண்மைதானாம். ஆனால் தோலையோ ஓட்டையோ கழற்றிக் கழற்றி வளர்கிற எதற்கும் அது ஆபத்து — நண்டு, இறால் உட்பட. இலையில் ஒட்டிக்கொண்டால் சுலபத்தில் போகாது. அப்படியானால் காட்டுத் தண்ணீர் வடிகிற வாய்க்காலில் என்ன நடக்கிறது? யார் இறங்கிப் பார்த்தார்கள்? பொய் சொல்பவனைக்கூடப் பிடித்துவிடலாம். பாதி உண்மை சொல்பவனை என்ன செய்வது?

நான் புறப்படும் நாளில் ஜீப் மறுபடி வந்தது. விஷயம் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். ஏஜென்ட் கையில் இன்னொரு புதுப் பாக்கெட்.

"இது பட்டுப்புழுவ ஒண்ணுமே பண்ணாதுங்கம்மா!"

சரசு அதைக் கையில் வாங்கவில்லை.

"எத ஒண்ணும் பண்ணாதுன்னு போன வாட்டியே கேட்டுட்டமுங்க. எத என்ன பண்ணும்னு மொதல்ல சொல்லுங்க."

பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏஜென்ட் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான்!