கழுவிவிட்டு வந்த கால்

1. என் சட்டம்

மன்னார்த் தீவின் கரையிலுள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் தாதியாக இருந்தேன். சீனி வருத்தக் கிளினிக்கின், அதாவது நீரிழிவுக்காரருக்கான கிளினிக்கின், டிரெஸிங் ரூம் என் ராச்சியம். வருகிறவர்களில் பாதிப் பேர் கடல் தொழிலாளர்கள். மணலும் மீன் செதிலும் காலில் ஒட்டியிருக்கும். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: வெளிப் பைப்பில் கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. மீறியவர்கள் என்னிடம் நல்ல பேச்சு வாங்குவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைத்து என்ன பயன்.

கழுவிய காலை உயரமான ஸ்டூலில் வைக்கச் சொல்வேன். நின்றபடியே மேலால் பார்ப்பேன், விரலிடுக்கைப் பார்ப்பேன், கொப்பியில் சரி போடுவேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம். முதுகுக்கும் சுகம்.

பேசாலைச் சூசையண்ணை கிளினிக் தவறாதவர். அறுபதை நெருங்கியும் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று அவருடைய கொப்பியில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் கால் பளிச்சென்று இருந்தது. சரி போட்டேன். மனுசனுக்கு ஒரே சந்தோசம்.

“பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரில என்னையும் எடுத்திருக்கினம் மிஸ். சுவாமி என்ர காலும் கழுவுவார்.”

2. மடித்த துவாய்

இயேசு சீடர்களின் கால் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் பங்குச் சுவாமி பன்னிரண்டு பேரின் கால் கழுவுவார். எங்கள் ஊரில் அழுக்குக் காலைச் சுவாமியிடம் யாரும் நீட்டமாட்டார்கள். வீட்டிலேயே சவுக்காரம் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, கழுவிய காலைத்தான் மறுபடி கழுவக் கொடுப்பார்கள். சூசையண்ணை ஒருபடி மேலே போய், உள்ளங்காலில் தடித்திருந்த தோலைக் கல்லால் உரசி எடுத்திருக்கிறார்.

அந்த வியாழன் மாலைப் பூசையில் நான் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இளம் சுவாமி முழங்காலில் நின்று ஒவ்வொரு காலாகக் கழுவிவந்தார். சூசையண்ணையிடம் வந்ததும் அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு துடைத்தார், பாதத்தை முத்தமிட்டார், அந்தத் துவாயை உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார்.

பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். “மிஸ், சூசையண்ணையின்ர வலது காலுக்கு அடியில புண். விரல் நுனி போற அளவு ஆழம். சனத்துக்கு முன்னால சொல்ல மனம் வரேல்லை.” துவாயை விரித்துக் காட்டினார். ரத்தம்.

நான் சரி போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுவாமி ஒரே தடவை முழங்காலில் நின்று கண்டதை நான் மாதா மாதம் நின்றபடி பார்த்துக் கோட்டைவிட்டிருக்கிறேன். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சூசையண்ணையிடம் போனேன்.

“புண் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம் மிஸ். செருப்பில ரத்தம் கண்டனான். ரெண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கும்.”

“செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லேல்லை?”

தலையைக் குனிந்துகொண்டார். “நீங்கள் பேசுவியளெண்டுதான்.”

அது எனக்கு நன்றாகச் சுட்டது. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. காலையிலேயே அவரை ஓட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிருமி எலும்புக்குள் இறங்கியிருந்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரலாம். எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போது, “கால் போனால் வள்ளத்தில ஏறேலாது மிஸ்” என்றார்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “எலும்புக்குப் போகேல்லை. நல்ல நேரம் வந்திட்டீங்கள்” என்றார். நான் அப்படியே கதிரையில் இருந்து அழுதேன். என்னைத் தேற்றினது நோயாளிதான்.

3. பலகை

அதற்குப் பிறகு ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டேன். ஒரு சாண் உயரத்தில் பலகையொன்று அடிப்பித்து, கதிரையில் இருப்பவரின் காலடியில் நான் இருந்து பார்க்கத் தொடங்கினேன். பைப்படிச் சட்டத்தையும் எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சட்டியை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, முழங்காலை மடிப்பதைவிட வாயை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சேவைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: காலை உங்கள் உயரத்துக்குத் தூக்காதீர்கள், நீங்கள் காலின் உயரத்துக்கு இறங்குங்கள். உங்களுக்குப் பயந்து கழுவிவிட்டு வரும் காலை நம்பாதீர்கள்.

சூசையண்ணைக்கு ஏழு கிழமை கட்டுப் போட்டேன். பிறகு ஒரு மாதம் கழித்து, கரையிலிருந்து நேரே கிளினிக்குக்கு வந்தார். பைப்பைத் தாண்டி உள்ளே வந்து கதிரையில் இருந்தார். மணலும் செதிலுமாகக் காலைத் தூக்கி என் வெள்ளைச் சட்டை மடியில் வைத்தார்.

“கழுவேல்லை மிஸ்.”

“தெரியுது.”

“என்னைப் பேசேல்லையோ?”

“இல்லை” என்று சட்டியைக் கிட்ட இழுத்தேன். மணல் போகக் கழுவி, துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். தோல் மூடியிருந்தது.