மூன்று மாதப் படிப்பும் ஒரு மூடி மருந்தும்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி வந்ததும் மருந்தாளர் படிப்புக்கு இரண்டு இடங்களில் விசாரித்தேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம், ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு. மன்னாரில் மூன்று மாதம், கட்டணமும் கால்வாசி. முகாமில் போன வருடங்கள் போதாதா என்று மூன்று மாதத்தையே எடுத்தேன். சான்றிதழ் தந்தார்கள். அங்கேயே ஒரு மருந்துப் பாமசியில் வேலையும் கிடைத்தது.

இரண்டாம் கிழமை, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், வங்காலை ஊர் அக்கா ஒருவர் காய்ச்சல்காரக் கைக்குழந்தையோடு வந்தார். டொக்டரின் மருந்துத் துண்டில் ஐந்து மில்லிலீற்றர் பாணி, இனிப்புத் திரவ மருந்து, என்றிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் பார்க்கிறேன், பாணிப் போத்தல் றாக்கைத் தட்டிலேயே இருக்கிறது! நான் கொடுத்தது சொட்டுச் சொட்டாக விடவேண்டிய, பல மடங்கு கடுமையான மருந்து.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். நல்லவேளை, வங்காலை பஸ் வெளிக்கிடவில்லை. உள்ளே அக்கா மருந்தை மூடியில் ஊற்றி, குழந்தையின் வாயருகே பிடித்திருந்தார்.

"அக்கா, குடுக்காதேங்கோ!"

"ஏன் பிள்ளை, குடுத்தா என்ன செய்யும்?"

என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. மூடியையும் போத்தலையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய்ப் படித்தேன். இப்போது எந்தப் படிப்பு மலிவு என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம், "காசைப் பிறகு கேளுங்கோ. நீங்கள் மருந்து எடுக்கேக்க பிழை பிடிக்க ஆர் பக்கத்தில நிப்பினம் எண்டு முதல் கேளுங்கோ" என்கிறேன்.

அன்றைக்கு என் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.