கடலில் என் கணவர் கேட்ட சொல்

போன வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை, என் கணவர் சாமுவேல் கடலிலிருந்து மீன் இல்லாமல் கரைக்கு வந்தார். வள்ளத்தின் அடியில் என் தம்பி ஜோன்சன் தண்ணீர் கக்கிக்கொண்டு கிடந்தான். துடுப்பில் இரத்தம். “ஒருத்தனுக்கு அடிச்சுப்போட்டன், ரூபி. செத்திருப்பான் போல” என்றார். கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

எங்கள் கரை திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, சல்லிக்கு அப்பால். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் தூரத்துச் சிங்கள மீனவர்கள் வந்து கரையில் வாடி என்கிற ஓலைக் குடில்கள் அடித்துத் தங்குவார்கள். ஒருவர் வலைமேல் மற்றவர் வலை விழும், வாய்ச்சண்டை வரும், போகும். அன்றைக்கும் வலைகள் சிக்கிக்கொண்டன. தம்பி குனிந்து வலையை அறுக்கப் போனவன் கடலுக்குள் விழுந்துவிட்டான். வலை காலைச் சுற்றிக்கொண்டது. அந்த நேரம் மற்றப் படகில் நின்ற ஒருவர் கொளுக்கி வைத்த நீண்ட தடியைத் தம்பியை நோக்கி நீட்டிக்கொண்டு “கொல்லடா, கொல்லடா” என்று கத்தினாராம். சாமுவேல் துடுப்பை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டார். பிறகுதான் தம்பியை இழுத்து ஏற்றினார்.

அடிபட்டவர் பெயர் சுனில். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். என் கணவரைப் பொலிஸ் கொண்டுபோய்ப் பிறகு பிணையில் விட்டது. சுனிலின் உயிர் போனால் கொலை வழக்கு. வாடிகளை எரிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களில் சிலர் கதைத்தார்கள். அவர்கள் எங்கள் வள்ளங்களை எரிக்கப் போகிறார்கள் என்றும் கதை வந்தது. இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கடலுக்கு இறங்கவில்லை.

நான் உபவாசமிருந்து ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? “ஆண்டவரே, அந்த மனிதன் செத்தால் என் புருஷன் போய்விடுவார். அதற்காகவாவது அவனை உயிரோடு வையும். அந்தச் சனத்தின் வாயை அடையும்” என்றுதான். கொல்லச் சொன்னவனுக்கு வேறு எப்படி ஜெபிப்பது?

அப்படி முழங்காலில் நின்ற ஒரு பின்னேரம் கிண்ணியாவிலிருந்து றிஸ்வானா ரீச்சர் வந்தார். சண்டை வந்த ஊர்களில் இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டி வைத்துக் கதைக்க வைக்கிறவர், மூன்று மொழியும் தெரிந்தவர். நான் ஜெபத்தில் இருக்கிறேன், போய் வாருங்கள் என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

“முடியட்டும் தங்கச்சி, நான் இருக்கன்” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அசையவில்லை. அதற்குப் பிறகு என்ன ஜெபம் வரும்?

“கதைச்சு என்ன வரப்போகுது ரீச்சர்?” என்று கேட்டேன்.

“வராட்டி வந்தபடி போங்க. ஒருக்கா வந்து இருங்க” என்றார்.

போதகரும் போகச் சொன்னபடியால் போனோம். பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எதிரே சுனிலின் மனைவி குமுது, அழுது அழுது கண் வீங்கிப்போய் இருந்தார். பக்கத்தில் அவர்களின் படகுக்காரர்கள்.

ரீச்சர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். “கண்ணால கண்டதையும் காதால கேட்டதையும் மட்டும் சொல்லுங்க. மற்றவர் மனசில என்ன இருந்ததெண்டு சொல்ல வேணாம். சொல்லி முடியுமட்டும் மற்றாக்கள் வாய் திறக்கப்படாது.” என் வாயைப் பற்றிச் சபையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது உபவாசத்தைவிடக் கஷ்டம்.

முதலில் தம்பி சொன்னான். “தண்ணிக்குள்ள என்ர சட்டையில ஒரு கொளுக்கி கொழுவினது. என்னை அமுக்கிறாங்கள் எண்டு நினைச்சனான்.”

“நினைச்சதை விடுங்க. அமுக்கினதா, இழுத்ததா?”

அவன் தன் சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். “இழுத்தது. மேல இழுத்தது” என்றான்.

பிறகு என் கணவர். “அவர் கொல்லடா, கொல்லடா எண்டு கத்தினவர்.”

“காதில விழுந்த சத்தத்தை அப்பிடியே சொல்லுங்க. கொல்லடா எண்டோ?”

“ஓம்... கொல்லா, கொல்லா எண்டு...”

“‘டா’ வந்ததா, அண்ணன்?”

அவர் கண்ணை மூடினார். “இல்லை. கொல்லா எண்டுதான் கேட்டது.”

ரீச்சர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் எதிரே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குமுது “ஐயோ” என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“சிங்களத்தில கொல்லா எண்டா பொடியன். பொடியன், பொடியன் எண்டு கத்தியிருக்கார். உங்கட தம்பியைத் தூக்கச் சொல்லி.”

சந்தையில் மீன் விலை சொல்கிற அளவுக்கு எங்களுக்கும் சிங்களம் தெரியும். எஞ்சின் இரைச்சலிலும் கோபத்திலும் அந்தச் சொல் எங்கள் சொல்லாகவே காதில் விழுந்திருக்கிறது. அவர்களோ, சுனில் காப்பாற்றுகிறார் என்று தெரிந்துகொண்டே நாங்கள் அடித்தோம் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறார்கள்! அவர்களின் வாயை அடையும் என்று நான் கேட்டேன். கர்த்தர் எங்கள் காதைத் திறந்தார்.

சாமுவேல் கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். நான் குமுதுவின் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கடைசியில் ரீச்சரிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

“நீங்க உபவாசம் இருக்கிற ஆளாம் எண்டு கேள்விப்பட்டவவாம். அவருக்காக ஒருக்கா ஆண்டவரிட்ட கேளுங்க எண்டு சொல்றா.”

அன்றைக்குத்தான் சுனிலுக்காக, சுனிலுக்காக மட்டும் ஜெபித்தேன். என் புருஷனின் பெயரே அதில் வரவில்லை. சபையும் சேர்ந்து அழுதது. அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் கண் விழித்தார். குமுது ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்தபடி நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தார். சுனில் அவரை அடையாளம் கண்டுகொண்டார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “தம்பி... சொகமா?” என்று ஜோன்சனைத்தான் கேட்டார். என் கணவர் அங்கேயே விக்கி விக்கி அழுதார்.

சுனிலுக்கு இடது காது இன்னும் கேட்காது. வழக்கும் முடியவில்லை. செய்ததைச் செய்தேன் என்றே சொல்லப் போகிறேன் என்கிறார் சாமுவேல். நானும் மறிக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் கடலுக்குப் போகிறார்கள். வலை சிக்கினால் முதலில் ரீச்சருக்கு ஒரு போன் கோல் போகும். நான் குமுதுவிடம் சிங்களம் படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிக்கிற சிரிப்புக்கு எனக்குக் கோபம் வரும், பிறகு எனக்கும் சிரிப்பு வரும்.

சகோதரரே, சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு எதிரி இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு முழங்காலிலேயே இருந்துவிடாதீர்கள். எழும்பிப் போய் அந்த ஆளுக்கு முன்னால் இருங்கள். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். பயமாகத்தான் இருக்கும், கர்த்தர் கூட வருவார். நான் போகாமல் விட்டிருந்தால், என் தம்பியைக் காப்பாற்றிய மனிதரைச் சாகும்வரை சபித்துக்கொண்டே இருந்திருப்பேன். கர்த்தர் என்னை அப்படி விடவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.