நான் போடாத முடிச்சு

மூன்று வருஷத்துக்கு முன்னால், கண்டியில் ஒரு கோயில் மண்டபத்தில் என் தம்பியின் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மீதி இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். தம்பிக்கு நான் ஒரே அக்கா.

எனக்கு நரம்பு வியாதி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கை கால் நரம்புகளைத் தாக்குகிறது. முழுதாகக் குணமாகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கைத்தடியோடு நடப்பது நாங்கள் இருக்கும் மஹய்யாவப் பகுதி முழுக்கத் தெரியும். விரல்களும் மரத்துப் போனதை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். மிஞ்சியிருக்கிற மானம் அதுதான் என்று ஒரு நினைப்பு.

கல்யாணத்துக்கு முன்பு உட்காரும் கதிரையின் கைப்பிடியில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகினேன். சில நேரம் முடிச்சு விழும். சில நேரம் கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியாது.

மணவறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். நழுவவிட்டால் அபசகுனம் என்பார்களே என்று பயந்தேன். "காலு ஏலாம இருக்கு, நீ போய்ப் போடு" என்று பக்கத்தில் நின்ற சித்தி மகளை அனுப்பிவிட்டேன். உண்மையில் அன்று கால் நன்றாகத்தான் இருந்தது. அவள் நொடியில் போட்டுவிட்டாள். அதன் பிறகு தம்பி என் பக்கம் பார்க்கவேயில்லை.

சில மாதம் கழித்து மருந்து ஏற்ற ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். துணைக்கு வந்தது தம்பி மனைவிதான், புசல்லாவை ஊர்ப் பெண். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"உங்க கை விஷயம் எனக்கு அப்பவே தெரியும் அண்ணி. கதிரையில நீங்க முடிச்சுப் போட்டுப் பழகுனத அவரு பார்த்திருக்காரு. அக்கா முடிச்சுப் போட நேரமாகும், அதுவரைக்கும் தலைய நிமித்தாம இருன்னு எங்கிட்ட சொல்லித்தான் வச்சிருந்தாரு. கயிறு வழுக்குனா பிடிச்சிக்கத்தான் அவரும் கைய எடுக்காம இருந்தாரு."



இப்போது மருந்து ஏற்றிய கொஞ்ச நாளைக்கு விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. தட்டுத்தடுமாறிப் பூகூடக் கட்டுகிறேன். அதைக் கூந்தலில் வைத்துவிடக் கூப்பிட்டால் தம்பி மனைவி வந்து தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்தக் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்களே, நான்தானே எழுந்து போகவில்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது.